வேடம் எவருக்கு?

ஒரு மனிதனுக்கு எந்த வேடம் பொருந்தும் என்று தீர்ப்புக் கூறும் உரிமை இன்னொரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? நாடகம் போடுகிறவர்கள் நடிகரைத் தேர்ந்துதானே ஆகவேண்டும் என்று இதற்கு எளிதில் விடை சொல்லிவிடலாம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், ஒரு மாலைப்பொழுதில், அந்த எண்ணம் ஆட்டங்கண்டது.

நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு குடும்ப நாடகம் தீர்மானிக்கப்பட்டிருந்தது. காணியையும் சீதன உறுதியையும் சுற்றி நிகழும் கதை. தேர்வுக் குழுவில் மூவர், மூவரும் ஆசிரியர்கள், அவர்களுள் நானும் ஒருவன். மகளின் சீதனத்துக்காகத் தாய்வழி வந்த வளவை விற்க நேர்ந்த தந்தையின் பேச்சை, வந்திருந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். பலர் அதை முழங்கினார்கள். ஒருவன் மட்டும் தாழ்ந்த குரலில், இடையிடையே தயங்கி, கடன்பட்டவன் பேசுவதுபோலவே பேசினான். அறை அமைதியாயிற்று. அவன் சீவல் தொழிலாளி ஒருவரின் மகன்.

“வாசிப்பு நல்லதுதான், ஆனால் தகப்பனுக்குரிய எடுப்பு இல்லை” என்றார் குழுவில் ஒருவர். நான் மறுக்கவில்லை. தந்தை வேடம் வேறொருவனுக்குப் போயிற்று. இவனுக்கு வேலைக்காரன் வேடம். இவன் முகம் கோணவில்லை. பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டான்: “மாஸ்ரர், இந்த வேலைக்காரன் திண்ணையில ஏறலாமோ, முற்றத்திலதான் நிக்கவேணுமோ?”

“முற்றத்தில நில்லும்; அதுதான் இயல்பு” என்றேன்.

எடுப்பு, இயல்பு என்னும் இவ்விரு சொற்களையும் அன்றிலிருந்து நான் ஐயத்தோடுதான் பார்த்து வருகிறேன். எடுப்பு என்று நாம் எதைக் கண்டோம்? நிமிர்ந்த நடையை, பிறர் தன் பேச்சைக் கேட்பார்கள் என்ற உறுதியை, திண்ணையில் சாய்ந்திருந்து பழகிய உடம்பை. இவை எவரும் பயின்று பெற்ற திறமைகள் அல்ல; தலைமுறை தலைமுறையாகக் காணியோடு சேர்த்துக் கைமாறிய உடைமைகள். அவற்றை நடிப்புத் திறன் என்று மதிப்பிட்டபோது, பரம்பரைச் சொத்துக்கு நாங்கள் புள்ளி வழங்கினோம். கடன்பட்ட தந்தைக்கு நிமிர்ந்த நடை எதற்கு என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

மொழியிலும் இவ்வாறே ஓர் அளவுகோல் இருந்தது. உயர்ந்த மாந்தர் செந்தமிழில் பேசவேண்டும். பேச்சுத்தமிழ் ஏவலாளருக்கும் நகைச்சுவைக்கும் உரியது என்ற எண்ணம் நம் மேடையில் வேரூன்றியிருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ அந்த வேலியைப் பிரித்தெறிந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கையே அவர் நாடக உரையாடலாக்கினார். உடையாரும் வீட்டுமொழி பேசலானார். ஆனால் வீட்டுமொழியை மேடையேற்றிய நாம், எவருடைய வீட்டை வீடு என்று கொண்டோம்? அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நம் மரபுக் கூத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். குடாநாட்டில் கூத்து பெரும்பாலும் ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் ஊர்ப்பகுதியில் ஆடிவந்த கலை. குருநகரிலும் பாஷையூரிலும் பகலில் வலை இழுத்த கடற்றொழிலாளர் இரவில் முடிதரித்து அரசராய்க் கொலுவிருந்தனர். அண்ணாவியார் குரலையும் ஆட்டத்தையும் பார்த்து வேடம் கொடுத்தார். அங்கே உழைப்பாளியே மன்னன், உழைப்பாளியே மந்திரி. எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் பெருமைப்பட்ட எங்கள் மேடையிலோ அதே உழைப்பாளியின் மகன் வேலைக்காரன் ஆனான். ஒதுக்கிவைத்த மேடையில் கிடைத்த முடி, பொதுமேடையில் பறிக்கப்பட்டது. இதைவிடக் கசப்பான முரண்பாடு வேறு உண்டா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த மயான காண்டத்தைக் காண யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் விடிய விடிய விழித்திருந்தன. அதனினும் பெரிய குடும்ப நாடகம் எது? சொந்த மகனின் பிணத்தை எரிக்க, சொந்த மனைவியிடம் சுடலைக் கூலி கேட்கிறான் ஒருவன். அரசனே சுடலை காவலன் ஆனான் என்று கண்டு மக்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் உண்மையான சுடலைத் தொழிலாளிக்காக எத்தனை கண்கள் நனைந்தன? சாதியின் பெயரால் இழைக்கப்படும் தடைகளைக் குற்றமாக்கி 1957இல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் திரண்டு போராட வேண்டியிருந்தது. அரசன் தாழ்ந்தால் அழுகிறோம். தாழ்த்தப்பட்டவன் நிமிர்ந்தால் கதவடைக்கிறோம்.

இங்கே நண்பர் ஒருவர் எதிர்வாதம் எழுப்பினார். “எல்லாருக்கும் தந்தை வேடம் கொடுக்க முடியுமா? கலைக்குத் தேர்வு வேண்டாமா? வேலைக்காரன் முற்றத்தில் நிற்பதுதானே நம் சமூகத்தின் உண்மை? அதை மறைத்தால் நாடகம் பொய்யாகாதா?”

இவ்வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. தேர்வு வேண்டும். பெரிய பாத்திரமும் சிறிய பாத்திரமும் இருக்கத்தான் செய்யும். 1898இல் மாஸ்கோ கலையரங்கத்தை நிறுவிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் அவருடைய தோழர் நெமிரோவிச்-தன்சென்கோவும், இன்று தலைமைப் பாத்திரம் ஏற்பவர் நாளை மேடை ஓரத்தில் பேசாது நிற்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். சிறு வேடத்தில் இழிவில்லை என்னும் கொள்கையின் உயிர்நிலை எங்கே இருக்கிறது? ‘இன்று’, ‘நாளை’ என்ற இரு சொற்களில் இருக்கிறது. இன்று ஓரத்தில் நிற்பவனுக்கு நாளை நடுமேடை திறந்திருந்தால், ஓரத்தில் நிற்பது கடமை. அது என்றென்றைக்கும் மூடியிருந்தால், ஓரத்தில் நிற்பது அடிமைத்தனம். ஆகவே வேடங்கள் சமமாக இல்லாமை அநீதியன்று. வேடம் மாறாமையே அநீதி. குடும்பத்திலும் மகன் ஒருநாள் தந்தையாகிறான், மருமகள் மாமியாராகிறாள். சாதி ஒன்றுதான் எவரையும் தன் வேடத்தைக் கழற்ற விடுவதில்லை.

உண்மையைக் காட்டவேண்டும் என்பதற்கும் விடை உண்டு. நாடகத்தில் வேலைக்காரன் முற்றத்தில் நிற்கட்டும். பார்ப்போர் நெஞ்சம் அதைக் கண்டு வெட்கட்டும். அது கலை. ஆனால் அங்கே நிற்பதற்கு இந்த இளைஞனே பிறந்தவன் என்று தேர்வு அறையில் முடிவு செய்தோமே, அது கலையன்று, வாழ்க்கை. மேடையில் அநீதியைக் கண்டிக்கும் கை, மேடைக்குப் பின்னால் அதே அநீதியைப் பங்கிடலாமா? மாவிட்டபுரப் போராட்டத்தை ஒட்டி எழுந்த என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ போன்ற நாடகங்களைக் கைதட்டி வரவேற்ற நம்மவர்தாம், சொந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் பழைய அளவுகோலோடு அமர்ந்திருந்தோம். கொள்கையை அரங்கத்திலும் பழக்கத்தை வீட்டிலும் வைத்துக்கொள்வது நம் படித்த வர்க்கத்தின் பழைய நோய்.

அந்த நாடகம் அரங்கேறியது. அவன் முற்றத்தில் நின்று தன் நாலு வரிகளையும் பிழையின்றிப் பேசினான். மறு ஆண்டு தேர்வுக்கு அவன் வரவில்லை. நானும் தேடிச் சென்று அழைக்கவில்லை. அதுவும் என் குற்றக் கணக்கில் சேர்ந்ததே.

பிற்காலத்தில் தேர்வுக் குழுக்களில் அமர நேர்ந்தபோதெல்லாம் ஒரு விதியை வற்புறுத்தி வந்திருக்கிறேன். வருகின்ற ஒவ்வொருவரும் இரண்டு பகுதிகளை வாசிக்கவேண்டும். ஒன்று எசமானன் பேச்சு, மற்றது ஏவலாளன் பேச்சு. வளவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இரண்டாவதில் திணறுவதைக் கண்டிருக்கிறேன். பணிந்து நிற்பதும் பயின்றாலன்றி வராத கலை என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்குகிறது. அதை யார், எத்தனை தலைமுறையாக, எந்த அரங்கில் பயின்றார்கள் என்றும் அவர்கள் கேட்கத் தொடங்குவார்களாயின், நம் நாடகம் மேடையேறுமுன்பே தன் பணியில் ஒரு பாதியை முடித்துவிட்டது எனலாம்.