மரத்தின் மேல் ஒரு வழக்கு

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறீர்களா? தேனி தாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக இரு பக்கமும் மலை கூடவே வரும். பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல், பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை, தென்னை. பஸ் ஜன்னலைத் திறந்து 'ஆஹா, சுத்தமான காத்து' என்று மூச்சை இழுப்போம்.

அந்தக் காற்றிலும் ஓசோனுக்கான கச்சாப்பொருள் இருக்கிறது. உச்சியில் நம்மைக் காக்கிற ஓசோன் அல்ல. தரையோரம் உருவாகி நுரையீரலைப் புண்ணாக்கும் ஓசோன். இதை எந்தப் புகைக்குழாயும் நேராகக் கக்குவதில்லை. காற்றிலேயே சமையல் ஆகிறது. வெயில், நைட்ரஜன் ஆக்ஸைடுகள், ஆவியாகும் கரிம வாயுக்கள், இவை மூன்றும் சேர வேண்டும். நைட்ரஜன் ஆக்ஸைடு பெரும்பாலும் வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் வருவது. கரிம வாயுவில்தான் சிக்கல். யூகலிப்டஸ், மூங்கில் போன்றவை வெயில் ஏற ஏற ஐசோப்ரீன் என்ற வாயுவை விடுகின்றன. உலகக் கணக்குப் பார்த்தால், இந்த வகை வாயுக்களில் மனிதனைவிடத் தாவரங்களின் பங்கு பல மடங்கு.

1980 தேர்தலின்போது ரொனால்ட் ரீகன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். காற்று மாசில் பெரும்பங்கு மரம் செடிகளுடையது என்று சொல்லப் போக, அவர் பேச வந்த கல்லூரியில் மாணவர்கள் ஒரு மரத்தில் அட்டை மாட்டினார்கள்: 'அடுத்த கொலைக்குள் என்னை வெட்டிவிடுங்கள்!'

ரீகன் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான் வம்பு. 1988-ல் அட்லாண்டா நகரைப் பற்றிய ஓர் ஆய்வு, மரங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஓசோனைக் குறைக்கத் திட்டம் போட்டால் பலிக்காது என்று காட்டியது. மரத்தை நிறுத்த முடியாது. ஆகவே நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறையுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஒரே உண்மை, ஒருவருக்குச் சாக்கு, இன்னொருவருக்கு வேலை.

பங்கு இருந்தால் குற்றம் ஆகிவிடுமா? மரம் மனிதன் வருவதற்கு முன்பிருந்தே இதைச் செய்கிறது. புகை எட்டாத காட்டில் அதே ஐசோப்ரீன் ஓசோனைக் கொஞ்சம் தின்னவும் செய்யும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி மலையேறும் ஜீப்பின் புகையும், குமுளிக்கு ஏசி போட்டுக்கொண்டு போகும் நம் காரின் புகையும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. மாற்றிக்கொள்ள முடிந்தவனைத்தானே கூண்டில் ஏற்ற வேண்டும்?

சரி, மரத்துக்கு விடுதலை. மண்ணை என்ன செய்ய? மண்ணின் நுண்ணுயிர்களும் நைட்ரிக் ஆக்ஸைடு விடுகின்றன. காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்ததும் சட்டென்று கூடும். (நாம் ரசிக்கும் மண்வாசனை வேறு சரக்கு.) தண்ணீர் நிற்கும் நெல்வயலில் குறைவு; யூரியா போட்ட தோட்டக்காலில் அதிகம். இதையும் பல கணக்குகளில் 'இயற்கை' என்ற தலைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். மூட்டையைப் பிரித்து எறிந்தது ஒரு கை இல்லையா?

உடனே விவசாயியைக் கூண்டில் ஏற்றாதீர்கள். யூரியாவுக்கு மானியம் கொடுத்தது அரசாங்கம். 'கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைச்சுக்கோப்பா' என்று திராட்சைக்குப் பேரம் பேசுவது நாம். நஷ்டம் மட்டும் முதலில் அவருக்கு. 1950-களில் கலிஃபோர்னியாவில் திராட்சை இலைகளில் புள்ளி புள்ளியாக விழுந்தது. தேடிப் பார்த்தால் காரணம் ஓசோன். கம்பத்தில் இலையில் புள்ளி கண்டால் அவர் உரக்கடைக்குத்தான் ஓடுவார். அங்கே பூஞ்சாணத்துக்கு மருந்து இருக்கும், பூச்சிக்கு இருக்கும்.