பிள்ளை யாருடைய உடைமை?

பிள்ளை பெற்றோரின் உடைமையா, அன்றி நம் வீட்டிற்கு வந்த தனியோர் உயிரா? அடியாத மாடு படியாது என்பர் நம்மவர். மாட்டிற்குச் சொன்னது பிள்ளைக்கு எங்ஙனம் பொருந்தும் என்று விசாரித்தல் நம் கடமையாகும்.

ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் சுவர்களைப் பாழாக்கி வந்தனர். கட்டடத்தார் தம் சுவரைக் காக்கவே 1907ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் அறையை ஒதுக்கி, மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரிடம் ஒப்புவித்தனர். (நன்மை பிறக்கும் வழி பல!) அவ்வம்மையார் ஒருநாள், கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒருவரும் நகைக்கவில்லை, எல்லோரும் கைதட்டினர். ஏன்? மூக்கொழுகுகிறதென்று அவர்களை இகழ்ந்தவர் பலர். துடைக்கும் வகையைப் பொறுமையாய்க் கற்பித்தவர் இலர். இகழ்ச்சியிலே வளர்ந்த உயிருக்கு மரியாதை எத்துணை இனிது என்பதை நம்மினும் நன்கறிந்தார் யார்?

அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கினார். அவர் கண்டது இது: விலையுயர்ந்த பொம்மையை விட்டு, தானே செய்யத்தக்க வேலையைப் பிள்ளை நாடுகிறது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி, ஒருநாள் தானாகவே எழுதுகிறது.

இவ்வாறு விட்டால் பிள்ளை கெட்டுப்போகாதோ எனின், விட்டுவிடுதல் வேறு, விடுதலை வேறு. பகவான் இராகுலருக்குப் பொய்யின் இழிவை உணர்த்தியபோது கோலெடுத்தாரில்லை. கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்து, இது தெரிகிறதா என வினவினார், அந்நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார். பின்னர், கண்ணாடி எதற்கு என்றார். பார்ப்பதற்கு என்றார் இராகுலர். செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும் தன் செயலை அவ்வாறே பார்க்கும்படி பிள்ளையிடமே பொறுப்பை விட்டார்.

நம் ஊரிகத்தில் 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. சங்கொலிக்கு நடந்த பழக்கமோ வீடுகளில் இன்னும் உளது. யாமும் ஆலையில் மேஸ்திரியின் குரலுக்கு நடந்தவரே. பிறர் ஏவல் எவ்வளவு கனக்கும் என்றறிந்த நாம், அதை ஐந்து வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றலாமோ? விடியுமுன் பெங்களூர் ரயிலுக்கு ஓடும் தாய்க்குப் பொறுமைக்கு நேரமேது என்பீர்கள். மெய்யே; சட்டைப் பொத்தானைத் தானே போட்டுவிடுவது அவளுக்கு எளிது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமையேனும், பிள்ளை பொத்தான்களைத் தானே போட்டு முடிக்குமட்டும் அருகில் கைகட்டி அமர்ந்திருங்கள். மேற்பொத்தான் கீழ்த்துளையில் ஏறியிருப்பினும், அன்று அப்படியே விளையாட அனுப்புங்கள்.