மகிழ்ச்சிக்கு நாடு உண்டா?

மகிழ்ச்சியை விரும்பாத மனிதன் இல்லை. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் மற்றொரு நாட்டு மக்களைவிட மகிழ்ச்சி உடையவர்களாகக் காணப்படுவதற்குக் காரணம் யாது? அவர்கள் வாழும் மண்ணா, ஈட்டிய செல்வமா, தலைமுறை தலைமுறையாக வந்த பண்பாடா? இது இக்காலத்து ஆய்வாளர்களுக்கே உரிய கேள்வி என்று பலர் எண்ணுகின்றனர். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் அறிஞர் ஒருவர் இக்கேள்வியை எழுப்பி, அதற்கு விடையும் பகர்ந்திருக்கிறார்.

தூனிஸ் நகரில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த இப்னு கல்தூன் (ரஹ்) தமது 'முகத்திமா' என்னும் பெருநூலை 1377இல் எழுதினார். காற்றும் வெப்பமும் மக்களின் குணத்தை எவ்வாறு ஆக்குகின்றன என்பதை அதில் ஒரு பகுதியில் ஆராய்கிறார். எகிப்து மக்களிடம் களிப்பு மிகுதி. நாளையைப் பற்றிய கவலை குறைவு. அவர்கள் ஒரு மாதத்திற்கான உணவைக்கூடச் சேர்த்து வைப்பதில்லை, அன்றன்று கடைத்தெருவில் வாங்கிக்கொள்கின்றனர் என்கிறார். குளிர்ந்த மலைகள் சூழ்ந்த மொராக்கோ நாட்டு ஃபாஸ் நகரத்தாரோ இதற்கு நேர்மாறு. அவர்கள் தலை கவிழ்ந்து கவலையோடு நடப்பர். பல்லாண்டுக்கான கோதுமையை வீட்டில் சேமித்து வைத்திருந்தும், அது குறைந்துவிடுமோ என்றஞ்சி, அன்றைய உணவை வாங்க விடியற்காலையிலேயே கடைக்குச் செல்வர். இதற்கு அவர் கூறும் காரணம் வெப்பம். வெந்நீர்க் குளியல் கூடத்தில் நுழைந்தவன் வெதுவெதுப்பான காற்றால் உள்ளம் விரிந்து பாடத் தொடங்குகிறான் அல்லவா, அதுபோன்றதே வெப்பநாட்டாரின் களிப்பும் என்கிறார். வெப்பநாட்டு மக்களின் மகிழ்ச்சிக்கு அவர்தம் மூளையின் பலவீனமே காரணம் என்று முன்னோர் சிலர் எழுதியதை அவர் ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அவருடைய கூர்ந்த நோக்கு வியப்பிற்குரியது. ஆனால் அவர் கண்ட காரணம் இன்று நிற்கவில்லை. 2012 முதல் உலக நாடுகளின் மகிழ்ச்சியை அளந்து அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன. 2018 தொடங்கி 2025 வரை எட்டு முறை தொடர்ந்து முதலிடம் பெற்ற நாடு பின்லாந்து. நடுக்குளிர் காலத்தில் அதன் தலைநகரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. ஃபாஸ் நகரின் குளிர் அதற்கு எம்மாத்திரம்! செல்வந்தான் காரணம் எனின், அதுவும் முழு விடை ஆகாது. 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் கோஸ்டாரிகா 6ஆம் இடத்தையும் மெக்சிகோ 10ஆம் இடத்தையும் பெற்றன. அவற்றைவிடப் பன்மடங்கு செல்வம் படைத்த அமெரிக்க ஐக்கிய நாடு பெற்றது 24ஆம் இடம். தென் அமெரிக்காவிலும் அதனை ஒட்டிய நாடுகளிலும் வறுமை உண்டு, ஊழல் உண்டு, வன்முறையும் உண்டு. எனினும் பெற்றோர், பிள்ளைகள், பாட்டன் பாட்டி, மாமன் மைத்துனர் எனப் பின்னிக் கிடக்கும் உறவின் நெருக்கம் அம்மக்களைத் தாங்குகிறது என்று அப்பகுதியை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் மரியானோ ரோஹாஸ் விளக்குகிறார்.

ஆகவே பண்பாட்டிற்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பு உண்டென்பது தெளிவு. அத்தொடர்பு எத்தகையது என்பதில்தான் நாம் நிதானிக்க வேண்டும்.

முதலில் அளவுகோலையே பார்ப்போம். உலகெங்கும் மக்களிடம் கேட்கப்படும் கேள்வி இது: பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஓர் ஏணியை எண்ணிக்கொள்ளுங்கள், உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு உச்சிப்படி, மிக இழிந்த வாழ்வு அடிப்படி, நீங்கள் இப்போது நிற்பது எந்தப் படியில்? கேள்வி எளியது. ஆனால் ஏணி என்றதும் மனிதன் நினைப்பது பதவியையும் பணத்தையுமே அன்றோ? ஏணி என்னும் உருவகம் மக்களின் எண்ணத்தை அதிகாரத்தின் பக்கமும் செல்வத்தின் பக்கமும் திருப்புகிறது என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியுள்ளது.

சொல்லிலும் வேற்றுமை உண்டு. பின்லாந்து மொழியில் 'ஒன்னி' என்பது மகிழ்ச்சியையும் குறிக்கும், நல்லூழையும் குறிக்கும். ஜெர்மானிய மொழியின் 'க்லுக்' என்ற சொல்லும் அவ்வாறே. அரபு மொழியின் 'ஸஆதத்' என்னும் சொல்லும் நற்பேற்றைக் குறிக்கும் 'ஸஅத்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்ததுதான். ஆனால் அரபியர் 'ஃபரஹ்' என்று களிப்பைத் தனியாகவும், 'ஸுரூர்' என்று உள்ளுவகையைத் தனியாகவும், 'ரிளா' என்று பொருந்திய மனத்தைத் தனியாகவும் பிரித்து வைத்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பாரசீக மொழியில் 'கீமியாயே ஸஆதத்' என்ற நூலை இயற்றினார்கள். தன்னை அறிதல், இறைவனை அறிதல், இம்மையை அறிதல், மறுமையை அறிதல் என்னும் நான்கையும் அதன் தலைவாயிலாக அமைத்தார்கள். அவர்கள் கூறும் ஸஆதத்தை எந்த ஏணியின் எத்தனையாவது படியில் வைப்பது?

விடை கூறுவது யாருடைய உள்ளம் என்பதும் நாட்டிற்கு நாடு மாறுகிறது. பல நாடுகளை ஒப்பிட்டு 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாக்கியது. தனிமனிதனை முதன்மையாகக் கருதும் நாடுகளில், வாழ்வில் நிறைவுண்டா என்று கேட்டால், ஒருவன் தன் உள்ளத்து உணர்ச்சிகளை எண்ணிப் பார்த்து விடை சொல்கிறான். குடும்பத்தையும் கூட்டத்தையும் முதன்மையாகக் கருதும் நாடுகளில், தன் உணர்ச்சியோடு, தான் நிறைவுடன் இருக்க வேண்டும் என்று சுற்றத்தார் எதிர்பார்க்கிறார்களா என்பதையும் எடை போட்டே விடை சொல்கிறான். மகிழ்ச்சியை வெளியே காட்டினால் கண்ணேறு படும் என்று அஞ்சும் மக்களும் உலகில் பலர். நம் வீடுகளில் அந்த அச்சம் இல்லை என்று யார் சொல்வர்?

இதுவரை கூறியவற்றால், நாடுகளின் மகிழ்ச்சிப் பட்டியலைக் கண்டு பெருமை கொள்வதும் சிறுமை கொள்வதும் பேதைமை என்பது விளங்கும். இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. 'இதுவே எங்கள் தேசியப் பண்பாடு. இதில் அடங்கியவர்க்கே எங்கள் மகிழ்ச்சி' என்று ஒரு நாடு கோடு கிழிப்பதே அது. பூட்டான் இதற்குச் சான்று. நாட்டின் மொத்த வருமானத்தைவிட மொத்த மகிழ்ச்சியே மேலானது என்ற கொள்கையை 1970களில் அந்நாட்டு மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முன்வைத்தார். உலகம் அதைப் போற்றியது. 2008இல் இயற்றப்பட்ட அதன் அரசியல் சட்டத்திலும் அக்கொள்கை இடம்பெற்றது. ஐக்கிய நாடுகள் சபையும் மார்ச் 20ஆம் நாளை உலக மகிழ்ச்சி நாளாக அறிவித்தது. ஆனால் அதே மன்னரின் ஆட்சியில், ஒரே நாடு ஒரே மக்கள் என்ற கொள்கையின் பேரில், 1989இல் வடபகுதியாரின் உடை எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிகளிலிருந்து நேப்பாளி மொழி நீக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் ஒடுக்கப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில், நேப்பாளி பேசும் தென்பகுதி மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நாட்டை இழந்து நேப்பாளத்தின் அகதி முகாம்களில் அடைந்தனர். பிற்காலத்தில் அந்நாட்டின் மகிழ்ச்சியை வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தபோது, அம்மக்களின் கண்ணீரை அக்கணக்கில் சேர்க்க வழியில்லை. அவர்கள்தாம் அங்கே இல்லையே!

துயருற்றவனைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு அடையும் மகிழ்ச்சி மகிழ்ச்சியாகுமா? மக்களைப் பல கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் இறைவன் படைத்ததன் நோக்கம் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதே என்று நம் திருமறை போதிக்கிறது. அறிதல் என்பது மற்றவரின் உடையையும் உணவையும் அறிவதோடு முடிவதன்று. அவருடைய துயரை அறிவதும் அதில் அடங்கும்.

இவ்விடத்தில் மீண்டும் பின்லாந்தை நோக்குவோம். இன்று மகிழ்ச்சியில் முதலாவதாக எண்ணப்படும் அந்நாடு, சில பத்தாண்டுகளுக்கு முன் தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இருந்தது. 1990இல் அங்கே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 30 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். 'குளிரும் இருளும் நம் விதி, இறுகிய மனம் நம் இயல்பு' என்று அவர்கள் வாளா இருக்கவில்லை. 1986இல் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். ஓராண்டுக் காலத்தில் நிகழ்ந்த தற்கொலை ஒவ்வொன்றையும், குடும்பத்தாரையும் மருத்துவரையும் கண்டு விசாரித்துப் பதிவு செய்தனர். உலகில் ஒரு நாடு முழுமையாக இத்தகைய முயற்சியில் இறங்கியது அதுவே முதல் முறை. அம்முயற்சியும், மனநோய்க்கான மருத்துவம் பெருகியதும், பிற காரணங்களும் சேர்ந்து, அவ்விகிதம் இன்று பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பண்பாடு என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. துன்புறுவோனை நோக்கி 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கத் துணியும் சமுதாயம் தன் இயல்பையே மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

நம்பிக்கையும் இதனோடு இணைந்தது. தொலைந்த பணப்பை திரும்பி வரும் என்று அண்டை அயலாரை நம்புகிறவர்கள் மகிழ்ச்சியில் மேம்பட்டிருக்கின்றனர் என்று 2025ஆம் ஆண்டு அறிக்கை காட்டுகிறது. 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பைகளைக் கண்டெடுத்தவை போல ஒப்படைத்துச் சோதித்த ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. பணமில்லாத பையைவிடப் பணமுள்ள பையே உரியவரைத் தேடி மிகுதியாகத் திரும்பியது; ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் அவ்வாறே. அமானத் என்று நாம் கூறும் பண்பு எல்லா நாட்டு மனித உள்ளத்திலும் இறைவன் இட்ட வித்து. அதை வளர்ப்பதும் வாட விடுவதும் அந்தந்தச் சமுதாயத்தின் கையில் இருக்கிறது.

இனி நம் வீட்டிற்கு வருவோம். 'சுகமா?' என்று கேட்டால் நம் விடை 'அல்ஹம்து லில்லாஹ்'. அழகிய விடை. இன்பத்திலும் துன்பத்திலும் இறைவனைப் புகழ்வது நம் மார்க்கம் நமக்குத் தந்த செல்வம். கேட்டவர் அந்த விடையோடு நின்றுவிடுகிறாரே, அங்கேதான் குறை. பர்மாவிற்கும் மலாயாவிற்கும் இலங்கைக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் நம் ஆடவர் சென்ற வரலாறு நெடியது. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்ற சொல்லும், பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்ற சொல்லும் நம் நாவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. கணவன் சபர் போகிறான். மனைவிக்குச் சபுர் செய்யுமாறு புத்தி சொல்லப்படுகிறது. அவளுக்கு உண்ண உணவுண்டு, உடுக்கத் துணியுண்டு, கல் வீடும் எழும்பியிருக்கிறது. அங்கே வெயிலில் உழைப்பவனும் தொலைபேசியில் அதே 'அல்ஹம்து லில்லாஹ்' சொல்கிறான். ஏணியின் எந்தப் படி என்று வினவினால் இருவரும் நல்ல படியையே காட்டக்கூடும். இரவில் தலையணை அறிந்ததை அப்படி அறியாது.

நபித்தோழர் சல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள், தமக்குச் சகோதரராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் ஆக்கப்பட்ட அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்ற நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். சல்மான் பாரசீக நாட்டவர். அபூதர்தா மதீனத்து அரபியர். நாடு வேறு, மொழி வேறு, வளர்ந்த பண்பாடு வேறு. வீட்டுப் பெண்மணி பொலிவிழந்த ஆடையில் இருப்பதைக் கண்ட சல்மான், காரணம் என்னவென்று கேட்டார்கள். அந்த அம்மையாரும் மறைக்கவில்லை. தம் கணவருக்கு இவ்வுலக வாழ்வில் நாட்டமே இல்லை என்றார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தோழரை சல்மான் உண்ணச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள். இறைவனுக்குரிய உரிமை போல உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்கு வழங்குக என்று எடுத்துரைத்தார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, அவர்கள் சல்மானின் கூற்றையே மெய்யென ஏற்றார்கள்.

இந்நிகழ்ச்சியில் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. அபூதர்தா (ரலி) அவர்கள் தம் வாழ்வில் நிறைவு கண்டிருந்தார்கள். ஆனால் அந்த நிறைவின் விலையை அவ்வீட்டில் வேறொருவர் செலுத்திக்கொண்டிருந்தார். போதுமென்ற மனமாகிய கனாஅத்தை ஒருவன் தன்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அது அவனுக்கு அணிகலன். அதையே தன் மனைவியிடமும், தன் வேலையாளிடமும், தன் நாட்டின் சிறுபான்மையோரிடமும் கட்டளையாகக் கேட்பானாயின் அது பொறுமையைப் போதிப்பதன்று. அவர்தம் வாயை அடைப்பது.

எனவே எந்த நாடு மகிழ்ச்சியுடையது என்று கேட்பதைவிட, எந்த நாட்டில், எந்த ஊரில், எந்த வீட்டில் துயரமுள்ளவர் தம் துயரை அஞ்சாமல் சொல்ல முடிகிறது என்று கேட்பதே தகும். பண்பாடுகள் மகிழ்ச்சிக்கு வெவ்வேறு பெயர் இடட்டும். சிலர் பாடட்டும், சிலர் மௌனமாய்ப் புன்னகைக்கட்டும். 'அல்ஹம்து லில்லாஹ்' என்ற விடையைக் கேட்ட பிறகும் இன்னொரு கணம் நின்று, முகத்தைப் பார்த்து, மறுமுறை வினவும் பண்பாடு நம்முடையதாகட்டும். வல்ல இறைவன் அதற்கு நமக்கு அருள்புரிவானாக.