பழி யாருக்கு?

பெண் மகவு பிறந்தால் தாயைப் பழிக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. இது அறமாகுமா?

தாயின் கருமுட்டையில் அமைவது எக்ஸ் குரோமோசோம். தந்தையின் விந்தணுவிலோ எக்ஸ் அல்லது ஒய் அமையும். பொதுவாக, எக்ஸ் சேர்ந்தால் பெண்; ஒய் சேர்ந்தால் ஆண். 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர் வண்டினம் ஒன்றில் கண்ட இவ்வுண்மை பின்னர் மனிதரிடமும் உறுதியாயிற்று.

அப்படியானால் பழியைத் தந்தைமீது சுமத்தலாமா? அதுவும் தகாது. கோடிக்கணக்கான விந்தணுக்களுள் எது கருமுட்டையை அடையும் என்பது அவர் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. விருப்பத்துக்கு இடமில்லாத செயலில் குற்றத்துக்கும் இடமில்லை. அன்றியும், பெண்ணைக் குறையாக எண்ணுவதால்தானே ‘பழி’ என்ற பேச்சே எழுகிறது! அந்த எண்ணம் இயற்கை தந்ததன்று, நாம் வளர்த்தது. ஆதலால் அதைக் களையும் பொறுப்பும் நம்முடையதே.