குயவன் கை விடாத பானை

உலகுக்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவச் சைவ சித்தாந்தம் கையாளும் உவமை மிக எளியது. பானைக்கு மண் முதற்காரணம், அதாவது தானே பானையாக மாறுவது; தண்டும் சக்கரமும் துணைக்காரணம், அதாவது ஆக்கத்துக்கு உதவும் கருவிகள்; குயவன் நிமித்த காரணம், அதாவது அறிந்து செய்பவன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவுக்குப் பொருள் காண்போர் இந்த உவமையையே நாடுவர். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு: வனைந்த பானை விலைபோனதும் குயவனுக்கும் அதற்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது; இறைவனோ படைத்தலோடு நில்லாமல் காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் தொழில்களையும் இடையறாது செய்கிறான்.

பொங்கலுக்கு முன் மலேசியாவின் கிள்ளான் நகரில் தெங்கு கிளானா சாலையில் மண்பானை வாங்கிச் செல்லும் குடும்பம், அதை வனைந்தவரை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், போர்ட் கிள்ளானின் தொழிற்பேட்டையில், மைக்ரோவேவ் அடுப்புகளைச் செய்யும் சாம்சங் தொழிற்சாலை இருக்கிறது. வீட்டுச் சாதனங்களை இணையத்தின் வழியே ஒன்றோடொன்று பிணைக்கும் ஸ்மார்ட்திங்ஸ் என்னும் அமைப்பை அந்நிறுவனம் 2014இல் வாங்கியது. இத்தகைய பிணைப்பில் சாதனம் வீட்டில் இருந்தாலும், அதை இயக்கும் கட்டளைகளில் பல நிறுவனத்தின் சர்வர் எனப்படும் தொலைதூரக் கணினியைத் தொட்டே திரும்புகின்றன. விற்ற பின்னும் குயவன் கை பானையை விடுவதில்லை. எந்த நிறுவனம் செய்தாலும் இதுவே நிலை: மென்பொருளைப் புதுப்பிப்பது காத்தலாகவும், சேவையை நிறுத்துவது அழித்தலாகவும், எந்தத் தகவல் வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது மறைத்தலாகவும் அமைகின்றன.

இறைவனோடு வணிகரை ஒப்பிடுவது நிந்தை அன்றோ என்று சிலர் தயங்கக்கூடும். ஒப்புமை அதிகாரத்தில் மட்டுமே உள்ளது, நோக்கத்தில் இல்லை. சித்தாந்தத்தில் ஐந்தொழில்களும் உயிர்களின் பொருட்டே நிகழ்கின்றன. பிறந்து இறந்து களைத்த உயிருக்கு இளைப்பாறுதலாகவே அழித்தல் அமைகிறது. உயிர் பக்குவப்படும் வரையில்தான் மறைத்தல் நீடிக்கிறது, ஆதலால் அதுவும் அருளே. யாருக்காக என்ற கேள்விக்கு விடை இருப்பதால்தான் அந்த அதிகாரம் நியாயம் பெறுகிறது. தன் ஆதாயத்துக்காக அழிக்கவும் மறைக்கவும் செய்யும் ஒருவரிடம் அதே அதிகாரம் போய்ச் சேரும்போது, அதை நியாயப்படுத்த எதுவும் எஞ்சுவதில்லை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இணைத்து இயக்கிய ரிவால்வ் என்னும் கருவி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதை உருவாக்கிய நிறுவனத்தை 2014இல் வாங்கிய நெஸ்ட் என்னும் நிறுவனம், 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியது. பழுதே இல்லாத கருவிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. சர்வர் நின்றது என்று இதைச் சொல்வது பிழையாகும், ஏனெனில் சடப்பொருள் தானே வினை செய்யாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. வினைக்கு ஒரு செய்வோன் வேண்டும், அதன் பயன் அவனைத்தான் சேரும். கூட்ட அறையில் எடுக்கப்படும் வணிக முடிவைக் கருவியின் மேல் ஏற்றிச் சொல்வது துணைக்காரணத்தை நிமித்த காரணமாக்கும் மயக்கமே.

வீட்டு மின்சாதனத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான கோனோசுகே மட்சுஷிதா, 1932இல் ஜப்பானின் தென்ரிக்யோ சமயத் தலைமையகத்துக்குச் சென்று, அங்கு கூலியின்றி மகிழ்ந்து உழைத்த பக்தர்களைக் கண்ட பின், குழாய்நீரைப் போல நிறைவாகவும் மலிவாகவும் பொருள்களைத் தந்து வறுமையை ஒழிப்பதே உற்பத்தியாளரின் கடமை என்று அறிவித்தார். அவரது நிறுவனத்தின் மலேசியக் கிளை 1965இல் தொடங்கி, இன்று பானாசோனிக் என்ற பெயரில் ஷா ஆலாமில் இயங்குகிறது. குழாய்நீரைக் குடத்தில் பிடித்துவிட்டால் அது பிடித்தவருடையது. இணையச் சாதனத்திலோ குடத்து நீரும் நிறுவனத்தின் திருகுகுழாய்க்குக் கட்டுப்பட்டிருக்கிறது. அந்த அறிவிப்பில் இருந்த அறம் இங்கே தலைகீழாகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழருக்கு, பிறர் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படும் இந்த அனுபவம் வேறு உருவில் முன்பே தெரியும். 1901இல் திறக்கப்பட்டு, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கியோர் தோட்டங்களில் கருவிகளாகவே எண்ணப்பட்டனர். பின்னர் அத்தோட்டங்கள் கைமாறி வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோது, எங்கோ எடுக்கப்பட்ட முடிவு அவர்களுடைய குடியிருப்பையே இல்லாமலாக்கியது. இழப்பின் அளவில் ஓர் அடுப்புக்கும் ஒரு குடியிருப்புக்கும் ஒப்பே இல்லை. முடிவெடுப்பவரும் அதன் விளைவைச் சுமப்பவரும் வேறாக இருக்கும் அமைப்பு மட்டும் ஒன்றே.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்ப்பும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைப் பேசுகிறது. அது குயவன் கையைவிட்டு நீங்கிய பானையை மனத்தில் கொண்ட ஏற்பாடு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள சட்டமோ, இணையத்தோடு இணையும் சாதனத்துக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு அளிக்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் என்கிறது. அழித்தலைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆனால் மறைத்தலில் ஒரு பகுதியை நீக்குகிறது, காத்தல் எந்த நாள் வரை என்பதை வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்பே அறிந்துகொள்கிறார்.