யாருடைய பிள்ளைகள்?

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின், எம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கோவில் முற்றத்தில் எனக்காகக் காத்து நின்றார். ஊரிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தால் பிறந்த குழு அது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் பணம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அதன் பணி.

"சாமி, எங்கள் தெருக்காரர்கள் கைதூக்கித்தான் நான் தலைவியானேன். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்தே பேச வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்காக யார் பேசினார்கள்?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் தன்னலம் மட்டுமே இருந்ததாக நான் எண்ணவில்லை. ஒரு பழைய காயமும் அதில் பேசியது. "யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

அதை எண்ணிப் பார்க்குந்தோறும் என் நினைவு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கே செல்கிறது. காயம்பட்டவன் காயப்படுத்தும் இடத்தில் அமர்ந்த கதையை அந்நகரின் பள்ளிக் குழுவைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன். அக்கதையில் இரு பக்கமும் நம்மவரே, அதாவது கத்தோலிக்கரே, நிற்கின்றனர்.

அந்நாட்டில் பொதுப் பள்ளிகளை நடத்துவோர் பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவினர். பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் பகுதியில், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை நியமித்தே ஆக வேண்டும் என்று 1647-லேயே சட்டம் இருந்தது. ஊரே தன் பிள்ளைகளின் கல்விக்குப் பொறுப்பு என்பது உயர்ந்த எண்ணந்தான். ஆனால் ஊர் என்றால் யார்?

1840-களின் கொடிய பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஆயிரமாயிரமாய் பாஸ்டனில் வந்து இறங்கினர். அங்கிருந்த பள்ளிகளில் புராட்டஸ்டண்டு சபையினரின் ஆங்கில விவிலியமே நாள்தோறும் வாசிக்கப்பட்டது. பத்துக் கட்டளைகளும் அவர்கள் வழக்கப்படியே ஒப்புவிக்கப்பட வேண்டும். (கட்டளைகளை எண்ணும் முறை அவர்களுக்கும் நமக்கும் வேறு என்பதை மறைக்கல்வி படித்தோர் அறிவர்.) 1859 மார்ச் மாதத்தில் எலியட் பள்ளியில் தாமஸ் வால் என்னும் சிறுவன் அவ்வாறு ஒப்புவிக்க மறுத்தான். துணைத் தலைமையாசிரியர் அவன் கைகளில் அரைமணி நேரம் பிரம்பால் அடித்தார். நூற்றுக்கணக்கான கத்தோலிக்கச் சிறுவர்கள் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. வழக்குத் தொடரப்பட்டது, ஆசிரியர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பள்ளிக் குழு தன் விதியைக் காத்தது, அக்கைகளைக் காக்கவில்லை.

நூறாண்டுகள் சென்றன. அதே இனத்தின் பேரப்பிள்ளைகள் நகரின் ஆட்சியைப் பிடித்தனர்; பள்ளிக் குழுவிலும் அவர்கள் கை ஓங்கியது. ஐவர் கொண்ட குழு அது. 1960-களில் ஐவரும் வெள்ளையர். 1963 ஜூன் மாதத்தில் ரூத் பேட்சன் என்ற கறுப்பினத் தாய் சிலரோடு அக்குழுவின் முன் நின்று, தம் பிள்ளைகள் நெரிசல் மிக்க, பழுதடைந்த பள்ளிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளனர் என்று முறையிட்டார். தலைவராயிருந்த லூயிஸ் டே ஹிக்ஸ் அம்மையார் ஒரு கத்தோலிக்கர். நீதிபதி ஒருவரின் மகள். பள்ளிகளில் இன ஒதுக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே குழு மறுத்தது.

அந்த ஒதுக்கல் நடந்த விதத்தை நாம் கவனிக்க வேண்டும். கறுப்பினப் பிள்ளைகள் இங்கே நுழையலாகாது என்று எந்தப் பலகையும் தொங்கவில்லை. பள்ளி எல்லைக்கோடு ஒரு தெரு தள்ளி வரையப்பட்டது. நெருக்கடி மிக்க பள்ளியின் பிள்ளைகளை அருகிலிருந்த காலி இடங்களுக்கு அனுப்பாமல் தற்காலிக வகுப்பறைகள் போடப்பட்டன. சில பள்ளிகள் எட்டாம் வகுப்போடும் சில ஒன்பதாம் வகுப்போடும் முடிந்தன. அதனால் இரு இனத்துப் பிள்ளைகளும் வெவ்வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போயினர். ஒவ்வொன்றும் சிறு தீர்மானம். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நிர்வாகக் காரணம். பாவம் பெரும்பாலும் கூட்டக் குறிப்பேட்டின் மொழியில்தான் எழுதப்படுகிறது போலும்.

பள்ளிகளில் இனச் சமநிலை வேண்டும் என்று மாநிலம் 1965-இல் சட்டம் இயற்றியது. குழு ஒன்பது ஆண்டுகள் சாக்குச் சொல்லிக் கடத்தியது. 1974 ஜூன் 21 அன்று நீதிபதி ஆர்தர் கேரிட்டி, குழு அறிந்தே பிரிவினையை நடத்தியது என்று தீர்ப்பளித்தார். அவரும் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கரே. அவ்வாண்டு செப்டம்பரில், கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகள்மீது தென் பாஸ்டனில் கற்கள் விழுந்தன. எறிந்தவர்களில் பலர் ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் சென்றவர்களாகவே இருந்திருப்பர்; எழுதவே கை கூசுகிறது.

அம்மக்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். தென் பாஸ்டன் ஏழைத் தொழிலாளரின் பகுதி. தீர்ப்பளித்த நீதிபதி குடியிருந்ததோ வசதியான புறநகரில். அங்குள்ள பிள்ளைகள் எவரும் பேருந்தேற வேண்டியிருக்கவில்லை. ஓர் ஏழையின் பிள்ளையை இன்னோர் ஏழையின் பிள்ளையோடு மாற்றி வைத்துவிட்டுச் செல்வர் ஒதுங்கிக்கொண்டனர் என்ற அவர்களது மனக்குறையை நான் பொய்யென்று தள்ளமாட்டேன். எனினும் அக்குறையைக் கற்களாக்கிச் சிறுவர்மீது எறிந்ததற்கு அது விடையாகாது. தங்கள் தாத்தாமார் பட்டதை அவர்கள் மறந்துவிடவில்லை. நன்றாகவே நினைவில் வைத்திருந்தனர். பட்ட துன்பத்துக்கு ஈடாகப் பெற்ற சொத்தாக அப்பள்ளிகளை எண்ணியதே பிழை. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைவில் வைத்து அந்நியரை ஒடுக்காதிருங்கள் என்று விடுதலைப் பயண நூல் இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகிறது. நினைவு தானாகவே இரக்கமாகிவிடும் என்றால் அதற்குக் கட்டளை எதற்கு?

பொதுப் பொருளைப் பகிர்ந்தளிப்பவரைப் பற்றிப் புனித தோமா அக்குவினார் ஆராயும்போது, பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவமாக முகத்தாட்சணியத்தைக் குறிப்பிடுகிறார். அவர் தரும் எடுத்துக்காட்டும் கல்வித் துறையைச் சேர்ந்ததே. ஒருவரை அவரது அறிவை முன்னிட்டு ஆசிரியப் பதவிக்கு உயர்த்தினால் அது நீதி. அவர் பேதுரு என்பதற்காகவோ மார்ட்டின் என்பதற்காகவோ உயர்த்தினால் பாவம். இதன்படி பார்த்தால், வாக்களித்தவர் குழு உறுப்பினரை அங்கே அனுப்பியவர் மட்டுமே. அவர் கையிலுள்ள பொருளுக்கு உரிமையாளர் பிள்ளைகள். பிள்ளைகளுக்கோ வாக்கு இல்லை. வாக்குள்ளவர் தயவால் அமர்ந்து வாக்கற்றவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய இந்தப் பதவி எளிதானதன்று. பாஸ்டன் குழுவின் ஐவரில் மூவர், 1974 டிசம்பரில், நீதிமன்றம் கேட்ட திட்டத்துக்கு வாக்களிக்க மறுத்தனர். மனச்சான்று என்ற சொல்லை நாம் எத்தனை எளிதாக நம் தெருவுக்குப் பெயராக வைத்துவிடுகிறோம்!

அந்நாள்களில் பாஸ்டன் பேராயராயிருந்தவர் கர்தினால் உம்பெர்த்தோ மெதெய்ரோஸ். அசோர்ஸ் தீவில் பிறந்து, சிறுவயதில் குடிபெயர்ந்து வந்தவர். அரசுப் பள்ளிகளிலிருந்து தப்பி ஓடி வருவோருக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் புகலிடமாகக் கூடாது என்று அவர் ஆணையிட்டார். தம் மக்கள் பலரின் வெறுப்பையே அதற்குக் கைம்மாறாகப் பெற்றார். ஆணை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படவில்லை. பங்குத்தந்தையரின் மேசைக்கு முன் யார் யார் வந்து நின்றனரோ, என்ன என்ன சொல்லிக் கெஞ்சினரோ!

அதை நான் ஊகிக்க முடிகிறது. அன்று மாலை அத்தாய்க்கு உடனே விடை சொல்லாமற்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று காலைதான், கோவில் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுத்த ஒருவர் தம் பேரனுக்காக என்னிடம் வந்திருந்தார். பள்ளியொன்றில் இடங்கள் முடிந்துவிட்டன. வரிசையில் வேறு பிள்ளைகள் காத்திருந்தனர். அவர்களில் எவரையும் எனக்குத் தெரியாது. இவரை எனக்குத் தெரியும். தலைமையாசிரியருக்கு நான் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், இடமும் கிடைத்தது.

அடுத்த வாரம் அத்தாயிடம் பாஸ்டன் கதையைச் சொன்னேன். இறுதியில் அக்கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "வரிசையில் நின்ற பிள்ளை எந்த ஊர், சாமி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.