அறியாமையும் அரணாகுமோ?

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் ஒன்று. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் மற்றொன்று. அரசவையில் நிற்பவனுக்கும் காதலில் நிற்பவனுக்கும் வேண்டிய கல்வி ஒன்றே என்று வள்ளுவர் கருதினார் போலும். தொல்காப்பியமோ மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிச் சொல்கிறது. பிறர் முகத்தைப் படிப்பதை இத்துணை உயர்வாக வைத்த மொழிக்குரியவர் நாம். ஆகவே, முகக்குறிப்பை அறிய இயலாத பிள்ளை ஒன்று நம் வீட்டில் வளரும்போது நமக்கு உண்டாகும் கலக்கமும் பெரிதாகவே இருக்கிறது.

மதியிறுக்கம் என்றும் ஆட்டிசம் என்றும் வழங்கும் இயல்பைப் பற்றியே பேசுகிறோம். அதனை மாற்ற முயலும் சோதனைச் சிகிச்சைகள் பல. அவை பலிக்குமா என்று எல்லாரும் வினவுகின்றனர். பலித்துவிட்டால் என்ன ஆகும் என்று வினவுவோர் சிலரே.

அமெரிக்காவில் ஜான் எல்டர் ராபிசன் என்பவர் உளர், 1957இல் பிறந்தவர். 1970களின் இறுதியில் ‘கிஸ்’ என்னும் இசைக்குழுவுக்குத் தீயுமிழும் கிதார்களை அமைத்துத் தந்தவர். பின்னர் மோட்டார் கார் பழுதுபார்க்கும் தொழில் நடத்தியவர். தம் இயல்பு இன்னது என்பதை நாற்பதாம் வயதை ஒட்டியே அறிந்தார். 2008இல் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தில், அல்வரோ பாஸ்குவல்-லியோன் என்னும் நரம்பியல் அறிஞரின் குழு நடத்திய ஆய்வில் பங்கேற்றார். தலைமேல் மின்சுருளைப் பிடித்து, மாறும் காந்தப்புலத்தால் மூளையின் ஒரு பகுதியில் மெல்லிய மின்னோட்டத்தை எழுப்புவது அம்முறை. 1831இல் ஃபாரடே கண்ட தத்துவமே இது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் அதனை மனித மூளையிற் செலுத்திக் காட்டினார். கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை.

ஒருநாள் சோதனை முடிந்து திரும்புகையில், பல்லாண்டு பழகிய பாடல்களையே கேட்ட ராபிசனுக்குக் கண்ணீர் பெருகிற்று. பாடியவரின் உள்ளம் அன்றுதான் தம்முள் இறங்கிற்று என்கிறார். பின்னர் மனிதர் கண்களை நோக்கியபோது, அங்கே அன்பும் அழகும் நிறைந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கண்டவையோ பெரும்பாலும் அச்சமும் பொறாமையும் கவலையும்! நட்பு என எண்ணியிருந்த பழைய பழக்கங்கள் சில, எள்ளலாக இருந்தமையும் அப்போது விளங்கிற்று. அவர் மனைவி மனச்சோர்வால் நெடுநாள் வருந்தியவர். முன்பு அச்சோர்வு கணவரைத் தீண்டவில்லை. ஆதலின் கலங்காமல் துணை நின்றார். உணர்வு திறந்தபின் அத்துயரம் அவரையும் அமிழ்த்திற்று. மணவாழ்வு முறிந்தது. காந்தத்தின் விளைவும் நாளடைவிற் பெரிதும் மங்கிற்று. 2016இல் வெளிவந்த ‘ஸ்விட்ச்டு ஆன்’ என்னும் நூலில் இவற்றையெல்லாம் எழுதினார். இவ்வளவுக்குப் பின்னும் அவர் அச்சோதனையை வெறுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஒருவர் அனுபவம் மருத்துவச் சான்றாகாது. குறிப்பறியும் ஆற்றலைத் தரக்கூடும் என நம்பப்பட்ட ஆக்சிடோசின் மருந்தை 290 பிள்ளைகளிடம் 24 வாரம் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டனர். வெறும் மருந்துக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆயினும் அறநெறி வினாவுக்கு ராபிசன் ஒருவரே போதும். அவரது அறியாமை குறையா, அரணா? இரண்டுமே என்பது நம் கருத்து. அரணை இடிக்கும் உரிமை அதனுள் வாழ்பவனுக்கே உண்டு. ராபிசன் முதிர்ந்தவர், தாமே இசைந்து சென்றார். ஐந்து வயதுப் பிள்ளைக்காக இசைபவர் யார்?

வேறொன்றும் உண்டு. டேமியன் மில்டன் என்னும் ஆங்கில அறிஞர், தாமும் மதியிறுக்கம் உடையவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவ்வியல்புடையோர் நம்மை அறியாதது போலவே நாமும் அவர்களை அறிவதில்லை. குறை இருபுறத்தது என்றார். ரங்கத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். வங்காளியரும் ராஞ்சிக்காரரும் தெலுங்கரும் தமிழரும் கூடும் கடைத்தெரு நமது. புதிதாய் வந்தவர் அண்டை வீட்டாரின் சிரிப்பைச் சினமென்றும், மௌனத்தைச் செருக்கென்றும் கொள்வது இங்கு இயல்பு. அதற்காக எவர் மூளைக்கும் நாம் சிகிச்சை தேடியதில்லை. ஹிந்தி கற்றோம், பொறுத்தோம், பழகினோம்.

நம்மிடையே நடப்பது என்ன? நிலத்தை விற்றேனும் மூன்று நாள் கப்பலேறிச் சென்று பிள்ளைக்குக் குருத்தணுச் சிகிச்சை செய்விக்க எண்ணும் பெற்றோர் உளர். அவர்தம் அன்பை ஐயுறுவார் யார்? எனினும், மதியிறுக்கத்துக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் அறிவித்தது; இதனை விளம்பரம் செய்வது தொழில்முறைத் தவறு என்றும் கூறிற்று. ஆய்வு என்பார்களாயின், ஆய்வில் பங்கேற்பவரிடம் கட்டணம் பெறுதல் முறையன்று. பணம் கேட்குமிடத்திலேயே ஐயம் எழ வேண்டும்.

இசைவுப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் போதும் எனச் சிலர் எண்ணுவர். கோப்புகளிடையே வாழும் நமக்குக் கையொப்பத்தின் எடையும் தெரியும், எடையின்மையும் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆய்வுகளில் ஏழு வயது கடந்த பிள்ளையின் வாய்மொழி இசைவையும், பன்னிரண்டு கடந்தால் எழுத்துமூல இசைவையும் கேட்கின்றன. பேசாத பிள்ளை என் செய்வான்? கையைத் தட்டிவிடுவான், காதைப் பொத்திக்கொள்வான், கட்டிலுக்கு அடியில் ஒளிவான். அவனுக்கு அது தெளிவான மறுமொழி. குறிப்பறிதல் தெரியாதவன் என்று அவனை அழைத்துச் சென்ற நாம், அக்குறிப்பை அறிந்தோமா?

சென்னை செல்லும் பெற்றோர் முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பெற்ற நடுவணரசு நிறுவனத்தையும் நாடலாம். பல்வகைக் குறைபாடுடையோர்க்கான அங்கு மாயமருந்து இல்லை, பயிற்சி உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மதியிறுக்கமும் இடம்பெற்றிருப்பதால் அதற்குரிய சான்றிதழும் பெறலாம். படிவங்கள் நீளமானவை. நிரப்பத் துணை வேண்டுவோர் தயங்காது வரலாம். குமாஸ்தாக்களுக்கு அதுவொன்றேனும் கைவந்த கலை.